பெற்றவளுக்கு இருபத்தெட்டு நாள்

பிரசீதாவை ஆஸ்பத்திரியிலிருந்து எடவிலங்கிலுள்ள தாய்வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அவளுடைய அம்மா விலாசினி செய்த முதல் காரியம், தன்வந்தரம் தைலப் புட்டிகள் நான்கையும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. இரண்டாவது காரியம், அம்மிணிக்குப் போன் போட்டு, இனி நீ வர வேண்டாம் என்று சொன்னது. இரண்டையும் மகள் மேல் உள்ள பாசத்தில்தான் செய்தாள். பாசத்தில் செய்கிற காரியங்களைத் தடுக்கத்தான் யாருக்கும் தைரியம் வருவதில்லை.

அம்மிணி பிரசவமான பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து, உருவி, குளிப்பாட்டி விடுகிறவள். கொடுங்கல்லூர் பக்கத்தில் நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே அம்மிணியிடம் தேதி சொல்லி வைக்கிறவர்கள் உண்டு. பிரசீதா நாலாம் மாதமே சொல்லி வைத்திருந்தாள். இருபத்தெட்டு நாள், காலை ஏழு மணிக்கு, தைலமும் வேதுகுளியும் என்று பேச்சு.

குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. கொடி சுற்றிக்கொண்டது என்றார்கள். டாக்டர் மேலும் தப்பில்லை, இவள் மேலும் தப்பில்லை. பழி போட ஆள் கிடைக்காத துக்கம் வீட்டில் உள்ளவர்களையே பிறாண்டும். கிழவர்கள் செத்தால் பத்துப் பேர் கூடி, இதைச் செய், அதைச் செய்யாதே என்று விதி சொல்வார்கள். செத்துப் பிறந்த பிள்ளைக்குச் சொல்ல ஒரு விதியும் தெரியாமல் எல்லோரும் முழித்தார்கள். கடைசியில், ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிடுவது என்று தங்களுக்குள் பேசாமலே முடிவு செய்துகொண்டார்கள். தொட்டில் பரணுக்குப் போனது. லேகிய ஜாடி யாருக்கோ போனது.

ஆனால் பிரசீதாவின் உடம்புக்கு அந்த முடிவை யாரும் போய்ச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அதற்குப் பால் கட்டியது. நர்ஸ் சொன்னபடி துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கட்டிலை விட்டு எழுந்தால் இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போனது. ஏழு வருஷமாக அரசு பஸ்ஸில் கண்டக்டர் அவள். கொடுங்கல்லூரிலிருந்து திருச்சூர், திருச்சூரிலிருந்து கொடுங்கல்லூர், நின்றபடியே நாளை ஓட்டியவள். விடுப்பு முடிந்ததும் மறுபடி அந்தப் பஸ்ஸில் ஏறி நிற்க வேண்டும். பாத்ரூம் வரை போவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்கிறவள் ஆடுகிற பஸ்ஸில் எதைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கொடுப்பாள்?

ஆறாம் நாள் காலை கஞ்சி கொண்டு வந்த அம்மாவிடம் கேட்டாள்.

"அம்மிணி சேச்சி என்னைக்கு வராங்க?"

விலாசினி கஞ்சியை ஆற்றினாள். ஆறின கஞ்சியை மறுபடி ஆற்றினாள். "அதெல்லாம் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு மோளே."

"அப்ப நான் என்ன பண்ணேன்? பதினாலு மணி நேரம் ஆஸ்பத்திரியில உட்கார்ந்து பாய் பின்னிட்டிருந்தேனா?"

விலாசினி அழுதாள். அழுகைக்கு நடுவே மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவளுக்குப் பயம் எண்ணெயைப் பற்றி இல்லை, தண்ணீரைப் பற்றி. புளியிலை, பலா இலை, ஆமணக்கு இலை எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்து, பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிய தண்ணீரைச் செம்பில் மொண்டு இடுப்பிலும் முதுகிலும் ஓங்கி ஓங்கி வீசுவதுதான் வேதுகுளி. பளார் பளார் என்று நாலு வீடு தாண்டிக் கேட்கும். கேட்டதும் மதிலுக்கு மேல் ஒரு தலை முளைத்து, ஆணா பெண்ணா, என்ன எடை என்று விசாரிக்கும். விலாசினி பயந்தது அந்தத் தலைக்கு. அந்தத் தலைக்குப் பெயரும் உண்டு: பக்கத்து வீட்டு ரமணி. பிள்ளையில்லாத வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் ரமணி என்ன கேட்பாள், தான் என்ன சொல்வது?

சாயங்காலம் சுஜீஷ் வந்தான். பிரசீதாவின் புருஷன், டைல்ஸ் கடையில் வேலை. நல்லவன்தான், நாற்காலியின் நுனியில் உட்காருகிற நல்லவன். அவனிடமும் கேட்டுப் பார்த்தாள். அம்மா சொல்றதும் சரிதானே என்றான். எந்த அம்மா என்று சொல்லவில்லை. அவனுடைய அம்மா சௌதாமினியும் போனில் அதையேதான் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. இரண்டு அம்மாக்களும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் சுஜீஷுக்கு நிம்மதி.

அவன் போனதும் பிரசீதா தானே அம்மிணிக்குப் போன் செய்தாள். அம்மிணி துக்கம் விசாரிக்கவில்லை. உதிரப்போக்கு எப்படி, தையல் எத்தனை, காய்ச்சல் உண்டா என்று கேட்டாள். பிறகு தயங்கினாள். விலாசினி வர வேண்டாம் என்ற பிறகு, பதினைந்து நாளில் பக்கத்து ஊர் மதிலகத்தில் ஒரு பிரசவத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு வீட்டிலிருந்து வருகிறாள் என்று தெரிந்தால் வாசலில் ஏற்ற மாட்டார்கள். கைராசி அது இது என்று பேச்சு கிளம்பும். இந்தத் தொழிலில் கைராசி போனால் கை போன மாதிரி.

"உங்க கை பட்டதாலயா என் பிள்ளை போச்சு?" என்று கேட்டாள் பிரசீதா.

ஊர் வாய் அப்படித்தான் என்றாள் அம்மிணி.

"நான் பெத்தேன் சேச்சி. பிள்ளைதான் இல்ல. பெத்தது பெத்ததுதானே? என் இடுப்புக்கு அது தெரிஞ்சிருக்கு, இந்த வீட்டுக்குத்தான் தெரியல. படுத்துக்கிட்டே டிக்கெட் கிழிக்க முடியாது எனக்கு."

அம்மிணி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. விலாசினி பதறியடித்து ஓடி, அடுக்களைப் பக்கமாகச் சுற்றி வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அம்மிணி கேட்டிலேயே நின்றாள். தோளில் பை, கையில் குடை, அகலமான உடம்பு.

"இருபத்திரெண்டு வருஷமா பெத்த வீட்டுக்கு முன்வாசல் வழியாத்தான் போறேன் விலாசினி சேச்சி. இன்னைக்கு மட்டும் எதுக்குப் பின்பக்கம்? தேங்காய் திருடவா வந்திருக்கேன்?"

முன்வாசல் வழியாகவே வந்தாள். பதினாலு நாள்தான் தன்னால் முடியும், அதற்குப் பிறகு மதிலகம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து புட்டிகள் வெளியே வந்தன. விலாசினியால் ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்க முடிந்தது: தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும், சத்தம் வரக் கூடாது.

பலகையைப் போட்டு பிரசீதாவைப் படுக்க வைத்ததும் அம்மிணி எண்ணெயைத் தொடவில்லை. டாக்டர் சீட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். பிறகு இரண்டு கெண்டைக்கால்களையும் அமுக்கிப் பார்த்தாள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் கை வைக்க மாட்டாள், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. மார்பை அவள் கடைசிவரை தொடவில்லை. வற்ற வேண்டிய பாலைத் தடவித் தடவி ஊற வைக்கிற முட்டாள்தனம் தன்னிடம் கிடையாது என்றாள்.

பாதத்தில் தொடங்கினாள். சூடான தைலம், அதற்குப் பின்னால் அவளுடைய உள்ளங்கை. கணுக்காலைச் சுற்றி, கெண்டைக்காலில் ஏறி, முட்டியின் பின்பக்கத்தில் விரல்களைத் தளர்த்தி, தொடையில் மறுபடி அழுத்தி. புரட்டிப் போட்டு இடுப்பு எலும்பின் இரண்டு பக்கமும் கட்டை விரலை ஊன்றியபோது பிரசீதாவுக்கு ஒரு கெட்ட வார்த்தை வந்தது. சொல்லியும்விட்டாள். சொல்லு சொல்லு என்றாள் அம்மிணி, இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறாளாம். ஏழு நாளாக பிரசீதாவைத் தொட்டவர்கள் எல்லாம் ஊசி போடத் தொட்டவர்கள், தையல் பார்க்கத் தொட்டவர்கள், துணியை இறுக்கத் தொட்டவர்கள். மற்றவர்கள் தொடவே பயந்தார்கள். இப்போதுதான் ஒருத்தி அவள் உடம்பை உடம்பாக நினைத்துத் தொடுகிறாள்.

மறுபடி மல்லாக்கப் போட்டு, அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, வலப்புறமாக மெல்ல வட்டம் சுற்ற ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் கை வரும்போது அவள் வாயில் வருகிற கேள்வி ஒன்று உண்டு. பெற்றவளுக்குப் பேச்சுக் கொடுத்தால்தான் வயிறு தளரும். கை பழக்கத்தில் சுற்றியது, வாயும் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"பிள்ளை யாரு ஜாடை?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. கை நின்றுவிட்டது. வெந்நீர் பதம் கேட்க வந்த விலாசினி கதவருகே அப்படியே நின்றாள். அம்மிணியின் முகத்தில், நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் என்பது போன்ற ஒரு வேதனை.

பிரசீதா கூரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"எங்கப்பா ஜாடை," என்றாள். "மூக்கு அப்படியே அவரேதான். தலை நிறைய முடி. வலது காது கொஞ்சம் மடங்கியிருந்துச்சு."

ஏழு நாளாக ஒருவரும் கேட்கவில்லை இதை. கேட்டால் அவள் உடைந்துபோவாள் என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவளோ சொல்ல ஆளில்லாமல்தான் உடைந்துகொண்டிருந்தாள். அம்மிணியின் கை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. என்ன எடை என்று கேட்டாள். இரண்டு கிலோ எண்ணூறு. நிறம்? சுஜீஷ் மாதிரி மாநிறம். நகம்? வளர்ந்திருந்தது, வெட்டலாம் போல. மற்ற வீடுகளில் எதையெல்லாம் கேட்பாளோ அதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டாள். பிரசீதாவின் கண்ணிலிருந்து நீர் இரண்டு காதுக்குள்ளும் வழிந்தது. பதில் மட்டும் நிற்கவில்லை.

விலாசினி குழந்தையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டாள். புருஷன் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மூக்கு... அந்த வளைவோடவா?"

"வளைவோடதான் அம்மா."

விலாசினி அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் விறகைத் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

குளியலறையில் விலாசினி கேட்டுக்கொண்டபடி அம்மிணி தண்ணீரை மெதுவாகத்தான் ஊற்றினாள். இரண்டு செம்பு பொறுத்தாள் பிரசீதா.

"சேச்சி, இது என்ன, செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா?"

அம்மிணி திரும்பி விலாசினியைப் பார்த்தாள். விலாசினி வெந்நீர் அண்டாவிலிருந்து இன்னொரு வாளி மொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். அடுத்த செம்பு பிரசீதாவின் முதுகில் பளார் என்று விழுந்தது. எதிர்பார்த்தபடியே மதிலுக்கு மேல் ரமணியின் தலை முளைத்தது. விலாசினி உள்ளே ஓடினாள். பதில் கிடைக்காத ரமணி தானே ஒரு பதிலைத் தயார் செய்து, மத்தியானத்துக்குள் நாலு வீட்டுக்குக் கொண்டு சேர்த்தாள்: பிரசீதாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டதாம், பிள்ளை இருப்பதாக நினைத்துக்கொண்டு குளிக்கிறாளாம்.

அன்று பகல் பிரசீதா தூங்கினாள். மாத்திரை போட்டும் வராத தூக்கம். தைலம் தேய்க்கத் தொடங்கிய நாலாம் நாள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். எட்டாம் நாள் குனிந்து செருப்பை எடுத்தாள். எண்ணெய் துக்கத்தைக் கரைத்துவிடும் என்று எவனாவது சொன்னால் நம்ப வேண்டாம். துக்கம் வைத்த இடத்தில் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கவும் ஒரு முதுகு வேண்டுமே. அந்த முதுகை அம்மிணியின் கை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது.

பத்தாம் நாள் அம்மிணி சாதாரணமாகச் சொன்னாள். மதிலகத்துக்காரர்கள் காதுக்கு விஷயம் போய்விட்டது, வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பிரசீதா எழுந்து உட்காரப் பார்த்தாள். அம்மிணி தோளில் கை வைத்துப் படுக்க வைத்தாள். போனது போகட்டும், இனி அவசரமில்லை, இருபத்தெட்டையும் முழுசாக முடித்துவிட்டே போகிறேன் என்றாள். கோபம் எல்லாம் அன்றைக்கு அவள் கட்டை விரலில் இருந்தது. பிரசீதாவின் தோள்பட்டைதான் அதை வாங்கிக் கட்டிக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் சௌதாமினி வந்தாள்.

சுஜீஷ் ஆட்டோவிலிருந்து அவளை இறக்கி, மூன்று படியிலும் கையைப் பிடித்து ஏற்றினான். முன்வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்ததும் சம்பந்தியிடம் ஆரம்பித்தாள். கடைத்தெருவில் அவளை நிறுத்தி விசாரிக்கிறார்களாம், உன் மருமகளுக்கு என்ன ஆச்சு என்று. துக்க வீடு துக்க வீடாக இருக்க வேண்டாமா? நாளைக்கே பெண்ணை என் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன், இந்த ஆட்டம் இன்றோடு நிற்கட்டும் என்றாள். விலாசினி டீ டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். சம்பந்தியிடம் எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

உள்ளே பலகையில் கிடந்த பிரசீதாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எழுந்தாள். தைலம் தேய்த்த உடம்போடு முன்பக்கம் போகக் கூடாது, காற்றுப் படக் கூடாது என்று அம்மிணி தடுத்தாள். பிரசீதா முண்டுத் துணியை மார்பு வரை இழுத்துக் கட்டிக்கொண்டு, எண்ணெய்ப் பாதம் தரையில் பதியப் பதிய வராந்தாவுக்கு வந்தாள்.

"அம்மா, ஆட்டம்னு சொன்னீங்களே, எது ஆட்டம்?"

சௌதாமினி அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். இப்படி ஒரு கோலத்தில் மருமகள் வந்து நிற்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் வந்த கோபத்தில், யாரிடமும் சொல்லாத ஒன்று வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"சுஜீஷுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு போச்சுடி. பொண்ணுதான். எட்டாம் நாள் கயிறு திரிக்கப் போயிட்டேன். எனக்கு எவ வந்து எண்ணெய் தேச்சா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சுஜீஷ் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். தனக்கு ஒரு அக்கா இருந்தது முப்பத்து மூன்று வயதில் இன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிகிறது.

பிரசீதாவின் குரல் உயரவில்லை. கூட்டமான பஸ்ஸில், உள்ளே போங்க என்று சொல்லிப் பழகிய அதே குரல்.

"சாகல அம்மா. ஆனா இந்த மூணு படி ஏற உங்களுக்கு ஒரு ஆள் கை வேணும். உங்களுக்கு அன்னைக்கு யாரும் செய்யல. அது தப்பு. எனக்கும் செய்யாம விட்டா தப்பு ரெண்டாகும், அவ்வளவுதான். இன்னைக்குப் பன்னெண்டாம் நாள். நான் இருபத்தெட்டு நாளும் முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன். அதுக்கப்புறம் எங்க கூப்பிட்டாலும் வரேன், என் கால்ல நடந்து."

பதிலுக்கு நிற்காமல் திரும்பி உள்ளே போய்விட்டாள். விலாசினியும் டம்ளரை வைத்துவிட்டு வாளியைத் தூக்கப் போனாள். வராந்தாவில் அம்மாவும் மகனும் மட்டும். அவன் என்னவோ கேட்க வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். டீ ஆடை கட்டியது. சௌதாமினி தன் இடுப்பில் கை வைத்து, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குளியலறையிலிருந்து முதல் செம்பின் சத்தம் வந்தது. பிறகு இரண்டாவது. அம்மிணி இன்றைக்கு யாருக்கும் பயப்படாமல் வீசினாள்.

நைட்டியும் தோளில் துண்டுமாக ரமணி கேட் வரைக்கும் வந்துவிட்டாள். மதில் அவளுக்குப் போதவில்லை. சௌதாமினியைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். பேச ஆள் கிடைத்துவிட்டது.

"என்ன சேச்சி, மருமகளைக் கூட்டிப் போக வந்தீங்களா? நானும் தினமும் கேட்கிறேன் இந்தச் சத்தத்தை. பிள்ளையில்லாத வீட்ல யாருக்கு இந்தக் குளி?"

சுஜீஷ் அவசரமாக எழுந்தான். அவனுக்கு முன்னால், தூணைப் பிடித்துக்கொண்டு சௌதாமினி எழுந்துவிட்டாள். நிமிர்ந்து நிற்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பெத்தவளுக்கு," என்றாள். "எங்க வீட்டுப் பொண்ணு பெத்திருக்கா. இன்னும் பதினாறு நாளைக்கு இந்தச் சத்தம் கேட்கும். தினமும் வந்து நிக்காத, போய் உன் வேலையைப் பாரு."